ஆயில் லைட் அணையவில்லை: நிறுத்திவைத்த அம்பாசிடரில் எந்த வழியை முதலில் பிடிப்பது?

மாமனாரின் 1978 மாடல் மார்க் 3 அம்பாசிடர், பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு ஷெட்டில் மூன்று வருடம் நின்றது. போன மாதம் அதை எழுப்ப முடிவு செய்தோம். பழைய ஆயிலை வடித்து 20டபிள்யூ-40 ஊற்றினோம். ஃபில்டர் மாற்றினோம், புது பேட்டரி வைத்தோம். நான்கு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இரண்டு ஸ்பூன் ஆயில் விட்டு, செல்ஃப் அடித்தோம். இன்ஜின் சுகமாகச் சுற்றியது. ஆனால் ஆயில் பிரஷர் இல்லை என்று எச்சரிக்கும் ஆயில் லைட் அணையவே இல்லை.

சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். "ஸ்டார்ட் பண்ணுங்க, தானா ஏறிடும்" என்றார் ஒருவர். "கெட்டி ஆயில் ஊத்துங்க" என்றார் இன்னொருவர். பக்கத்து ஊர் ஒர்க்ஷாப் ஒன்றில் போனில் கேட்டதற்கு, ஆயில் பம்ப் போயிருக்கும், இன்ஜினை இறக்கி ஓவர்ஹால் பண்ணிவிடலாம் என்றார்கள். இந்த வழிகளையும், நான் தேடிப் படித்த வேறு சிலவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில் தெரிந்ததை எழுதுகிறேன். என்னைப் போல யாராவது சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் உதவும்.

முதல் போட்டி லைட்டுக்கும் மீட்டருக்கும். லைட் என்பது ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். பிரஷர் ஏழெட்டு பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) வந்தாலே அணைந்துவிடும். எரிந்தால் பிரஷர் இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது, அணைந்தால் எல்லாம் நலம் என்றும் சொல்ல முடியாது. தோப்பில் நின்ற வண்டியில் எலி ஒயரைக் கடித்து அது பாடியில் உரசிக்கொண்டிருந்தாலும் லைட் எரியும். சோதிப்பது சுலபம்: சாவியைப் போட்டுவிட்டு, இன்ஜின் பிளாக்கில் இருக்கும் சுவிட்சிலிருந்து ஒயரைப் பிடுங்குங்கள். லைட் அணைந்தால் ஒயர் நல்லது. அணையாவிட்டால் எங்கோ எர்த் ஆகிறது. எங்களுக்கு அணைந்தது. அப்புறம் சுவிட்சைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு மெக்கானிக்கல் பிரஷர் மீட்டரைத் திருகினோம். முள் பூஜ்யத்திலேயே கிடந்தது. லைட்டை நம்பி இன்ஜினைப் பிரிப்பதை விட, மீட்டரை மாட்டி அரை மணி நேரம் செலவழிப்பது எவ்வளவோ மேல். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

அடுத்து, ஸ்டார்ட் செய்து பார்ப்பதா, பிளக் இல்லாமல் செல்ஃப் அடிப்பதா? இதில் கடுமையாகவே சொல்கிறேன்: பூஜ்யம் காட்டும் இன்ஜினை ஒரு நொடிகூட ஓடவிடாதீர்கள். மூன்று வருடத்தில் பேரிங்குகளில் இருந்த எண்ணெய்ப் படலம் வடிந்து போயிருக்கும். பெட்ரோல் எரிந்து இன்ஜின் ஓடும்போது பிஸ்டனின் மொத்த அடியும் அந்தக் காய்ந்த ஷெல் பேரிங்கில் விழும். பிளக் கழற்றிய இன்ஜினில் கம்ப்ரெஷன் கிடையாது, செல்ஃபுக்கும் பாரம் இல்லை, வேகமாகச் சுற்றும், பேரிங்குக்கும் சுமை இல்லை. பத்து நொடி அடித்து ஒரு நிமிடம் விட வேண்டும், இல்லையென்றால் செல்ஃப் மோட்டார் சூடாகிக் கெடும். பிளக்குகளுக்குப் பொறி தரும் காயிலின் ஒயரைக் கழற்றிவிடுவதும் நல்லது. வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் இதே தப்புதான், பெயர்தான் வேறு.

நாங்கள் அப்படி ஆறு முறை அடித்தோம். முள் அசையவில்லை. பழைய மெக்கானிக் அண்ணன் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "பம்ப்புல காத்து நிக்குதுங்க தம்பி. எண்ணெய் ஏர்ற வரைக்கும் பிளக்கை மாட்டிடாதீங்க" என்றார்.

அவர் சொன்னதன் காரணம் இந்த இன்ஜினின் அமைப்பில் இருக்கிறது. அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் குடும்பம். எம்ஜிபி காரின் 1798 சிசி இன்ஜினும் அதே வம்சம்தான். ஆயில் பம்ப் பிளாக்கின் அடியில் மாட்டியிருக்கும். அதிலிருந்து சல்லடை கீழே சம்ப்பில் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) உள்ள ஆயிலுக்குள் தொங்கும். பம்ப் நனைந்திருந்தால்தான் உறிஞ்சும். காய்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் ரோட்டர்கள் காற்றைத்தான் கடையும். கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றி ஏர் எடுப்பது போலத்தான் இதுவும். ஃபில்டர் கிண்ணத்தைக் காலியாகவே மாட்டியது எங்கள் பங்குக்கு நாங்கள் செய்த தப்பு.

பம்ப்பை நனைக்க மூன்று வழிகள் கண்ணில் பட்டன. அமெரிக்க வீடியோக்களில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் ஒரு தண்டை விட்டு டிரில் மெஷினால் சுற்றுகிறார்கள். ஒரு நிமிடத்தில் பிரஷர் வந்துவிடுகிறது. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் அது செவ்ரலே வி8 போன்ற இன்ஜின்களுக்கு. அவற்றில் டிஸ்ட்ரிபியூட்டரின் அடி நுனியே பம்ப்பைச் சுற்றுகிறது. நம் இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் பம்ப்புக்கும் கேம்ஷாஃப்டிலிருந்து (வால்வுகளை இயக்கும் தண்டு) தனித்தனி கியர். டிரில்லை விட்டால் பம்ப் சுற்றாது, பிளக் பொறி விடும் டைமிங் கலைந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது, காற்றழுத்தத் தொட்டி. மீட்டர் ஓட்டை வழியாக வெளியிலிருந்து ஆயிலை அழுத்தி ஏற்றுவது. புதிதாக வாங்கிய கைத்தெளிப்பானில்கூடச் செய்யலாம் (மருந்தடித்த பழையது வேண்டவே வேண்டாம்). இதன் பெரிய நன்மை, இன்ஜின் சுற்றுவதற்கு முன்பே எண்ணெய் பேரிங்குகளுக்குப் போய்விடும். புதிதாகக் கட்டிய இன்ஜினுக்கு இதைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். குறை என்னவென்றால், எண்ணெய் எளிதான பாதையில் பேரிங் பக்கம் போய்விடும். பம்ப் நனைந்ததா என்று உறுதியில்லை.

மூன்றாவது, அண்ணன் செய்தது. பிளாக்கின் பின்பக்கத்திலிருந்து ஃபில்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, பம்ப் பக்கமாக ஆயில் கேனால் மெல்ல ஊற்றினார். ஊற்றும்போதே இன்ஜினைப் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். அப்போது பம்ப் தலைகீழாக வேலை செய்து, ஊற்றிய எண்ணெயைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். முன்னால் ஹேண்டில் போட்டால் ஒரு திசையில்தான் பிடிக்கும். அதற்கு அவர் டாப் கியரில் போடச் சொல்லி, "மெதுவாப் பின்னால தள்ளுங்க" என்றார். நானும் மச்சானும் பானட்டைப் பிடித்துத் தள்ளினோம். இரண்டு முழம் நகர்ந்ததும் குழாய் வாயில் நின்ற எண்ணெய் 'களக்' என்று உள்ளே இறங்கியது. திரும்ப ஊற்றினார், திரும்பத் தள்ளினோம். கால் லிட்டர் போல உள்ளே போனது. குழாயை மாட்டி, ஃபில்டர் கிண்ணத்தையும் எண்ணெய் நிரப்பி மாட்டினோம். ஓரத்தில் பழைய ரப்பர் வளையம் ஒட்டிக்கொண்டு இரண்டு வளையமாகிவிடவில்லையா என்று விரலை விட்டுப் பார்த்தார். அப்படி இரண்டு இருந்தால் ஒழுகும்.

அடுத்த செல்ஃபில், எட்டாவது நொடி வாக்கில், முள் ஒரு துள்ளு துள்ளி முப்பதைத் தொட்டது. இன்ஜின் தலையிலுள்ள டேப்பட் கவரைக் கழற்றி, ராக்கர்களில் (வால்வுகளை அழுத்தும் கைகள்) எண்ணெய் கசிந்து வரும்வரை அடித்தோம். அதற்குப் பிறகே பிளக்குகள்.

இந்த மூன்றில் நின்றுபோன அம்பாசிடருக்கு என் ஓட்டு கடைசி வழிக்குத்தான். செலவு ஒரு வாஷரும் கால் லிட்டர் ஆயிலும்.

இதுவும் பலிக்காவிட்டால்? சம்ப்பை இறக்குவதற்கு முன், பிரஷர் மிஞ்சினால் எண்ணெயைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைப் பாருங்கள். பிளாக்கின் இடது பின்புறம் குமிழ் போன்ற ஒரு பெரிய நட் இருக்கும். அதைக் கழற்றினால் ஸ்பிரிங்கும் ஒரு சிறு கிண்ணமும் வரும். கிண்ணம் உட்காரும் இடத்தில் ஒரு துணுக்குக் கரி மாட்டினாலே போதும், பம்ப் தள்ளும் எண்ணெய் முழுக்கத் திரும்ப சம்ப்புக்கே போய்விடும். துடைத்து மாட்டப் பத்து நிமிடம்.

கெட்டி ஆயில் யோசனை இந்த நோய்க்கு மருந்தே இல்லை. 20டபிள்யூ-40, 20டபிள்யூ-50 இரண்டுக்கும் முன்னால் இருக்கும் 20டபிள்யூ ஒன்றுதான். குளிரில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும், சூடான பிறகுதான் வித்தியாசம். காற்றைக் கடையும் பம்ப்புக்கு அதனால் என்ன பயன்? காலையில் ஐம்பது காட்டி, சூடானதும் ஐடிலில் ஐந்துக்கு விழும் வண்டிக்கு 20டபிள்யூ-50 போட்டால் முள் கொஞ்சம் ஏறும். ஆனால் அங்கே தேய்ந்த பேரிங் தேய்ந்தபடிதான் இருக்கும். அந்த வண்டியிலும் முதலில் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து அளவும் ஏறியிருந்தால், ஃப்யூல் பம்ப்பின் டயஃப்ரம் கிழிந்து பெட்ரோல் சம்ப்புக்குள் இறங்கியிருக்கலாம். அப்படியென்றால் டயஃப்ரத்தையும் ஆயிலையும் மாற்ற வேண்டும், பேரிங்கை அல்ல. மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவுவதும் வேண்டாம். அடியில் படிந்த கறுப்புக் களி பெயர்ந்து வந்து சல்லடையை அடைத்துவிடும்.

சம்ப்பை இறக்குவது சரியான வழியாகும் நேரமும் உண்டு. பம்ப் நனைந்த பிறகும் முள் துள்ளித் துள்ளி விழுந்தால் சல்லடை அடைத்திருக்கலாம், அல்லது சல்லடைக்கும் பம்ப்புக்கும் நடுவில் உள்ள பேக்கிங் வழியாகக் காற்று நுழையலாம். வடித்த ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, அப்போதும் திறந்தே ஆக வேண்டும். திறந்தால் பம்ப்பைக் கழுவி, உள்ளே வாசலின் அப்பி மாட்டுங்கள். அது பம்ப்பை நனைத்து வைத்திருந்து பிறகு ஆயிலோடு கரைந்துவிடும். கிரீஸ் அப்படிக் கரையாது.

எங்கள் வண்டி இப்போது சூட்டில் ஓடும்போது நாற்பத்தெட்டு, ஐடிலில் பதினெட்டு காட்டுகிறது. மாமனார் அந்த மீட்டரைக் கழற்ற விடவில்லை. டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பட்டை அடித்து அங்கேயே மாட்டச் சொல்லிவிட்டார்.