வார்னிஷ் கதவுக்கு மேல் பெயின்ட்: தேய்க்காமல் அடித்துவிட்டுப் போகிறார்கள், கவனம்

வார்னிஷ் அடித்த தேக்குக் கதவுகளை வெள்ளை எனாமலுக்கு மாற்ற ஒரு கான்ட்ராக்டரிடம் மெட்டீரியலோடு பேசியது இது: உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்ப்பது, பிங்க் வுட் பிரைமர் (பெயின்டுக்கு அடியில் அடிக்கும் முதல் பூச்சு) ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். வேலை முடிந்ததும் முழுப் பணமும் வாங்கிக்கொண்டார். சில வாரங்களிலேயே கைப்பிடியைச் சுற்றி நகம் பட்ட இடமெல்லாம் பெயின்ட் தோலாக உரிகிறது.

கேட்டால், "மழைக்காலம் சார், மரம் ஈரம் இழுத்திருக்கு" என்கிறார். இது பொய். ஈரம் மரத்திலிருந்து கிளம்பியிருந்தால் வார்னிஷும் சேர்ந்து கொப்பளித்திருக்கும். இங்கே உரிந்த இடத்தில் பழைய வார்னிஷ் ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்று இருக்கிறது. உரிந்த துண்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கமும் வழவழ வெள்ளை. பிங்க் நிறமே இல்லை. தேய்க்கவும் இல்லை, பிரைமரும் அடிக்கவில்லை.

பெயின்ட் பிடிக்க மேற்பரப்பில் சொரசொரப்பு வேண்டும். அதனால் முதலில் சோப்புத் தண்ணீரால் கை அழுக்கு, எண்ணெய்ப் பிசுக்கை எடுத்து உலரவிட வேண்டும். பிசுக்கோடு தேய்த்தால் அது கீறலுக்குள் இறங்கிவிடும். பிறகு 120 நம்பர் தாளைக் கட்டையில் சுற்றி மர ரேகைப் போக்கிலேயே தேய்த்து, அதைவிட நைஸான 220-இல் முடிக்க வேண்டும். வார்னிஷ் முழுக்கப் போக வேண்டியதில்லை, பளபளப்பு முழுக்கப் போக வேண்டும். டார்ச்சைச் சாய்த்து அடித்துப் பாருங்கள். பலகை மூலைகளிலும் சட்ட விளிம்புகளிலும்தான் மினுமினுப்பு மிஞ்சியிருக்கும். தூசியை டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்து, உலர்ந்தபின் பிரைமர். ஒரு இரவு காயவிட்டு, லேசாகத் தேய்த்து, எனாமல். அடுத்த கோட்டுக்கும் ஒரு இரவு இடைவெளி. ஒரே நாளில் மூன்று கோட்டையும் முடிக்கிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

வேறு தில்லுமுல்லுகளும் உண்டு. ஆணி ஓட்டையில் சுவருக்கு வாங்கிய மிச்சப் பட்டியை (ஓட்டை அடைக்கும் புட்டி) அடைப்பார்கள். மரம் விரிந்து சுருங்கும்போது அது வெடித்து விழும். மரத்துக்கென்று உள்ள பட்டியைக் கேளுங்கள். எனாமலில் டர்பன்டைனுக்குப் பதில் மண்ணெண்ணெய் கலப்பார்கள். காய நேரமாகும், பளபளப்பும் மங்கும். என்.சி. தின்னர் (லாக்கர் கலக்கும் காரமான கரைப்பான்) கலந்தால் அடியிலுள்ள பழைய வார்னிஷ் இளகி, மேல் பெயின்ட் சுருக்கம் விழும். கதவின் மேல், கீழ் விளிம்புகளை அடிக்காமல் விடுவது இன்னொன்று. பாத்ரூம் கதவு அடிப்பக்கம் ஊறிப்போக இதுவே போதும்.

டப்பா கணக்கையும் பாருங்கள். 7க்கு 3 அடிக் கதவு இருபுறமும் நிலையோடு சேர்த்தால் இரண்டு கோட்டுக்குச் சுமார் ஒரு லிட்டர் எனாமல் பிடிக்கும். ஆறு கதவுக்கு இரண்டு லிட்டர் டப்பா வந்தால் எங்கோ இடிக்கிறது.

பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: தேய்த்ததை நேரில் பார்த்தபின் ஒரு பங்கு, பிரைமர் காய்ந்தபின் ஒரு பங்கு, மிச்சம் கடைசியில். பிரைமர் நன்றாகக் காய்ந்ததும் ஓரமாக பிளேடால் குறுக்கும் நெடுக்கும் கீறி, செலோ டேப் ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு பிரைமர் வந்தால் எனாமல் டப்பாவைத் திறக்கவே விடாதீர்கள்.

ஏற்கனவே உரியும் கதவுக்கு, "இலவசமா இன்னொரு கோட் அடிச்சுத் தர்றேன்" என்றால் சம்மதிக்காதீர்கள். அதுவும் சேர்ந்தே உரியும். பழையதைத் தகட்டால் முழுக்கச் சுரண்டி, 120 நம்பர் தாளிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள்.