கேனன் 50 எம்எம் லென்ஸுக்கு வாங்கிய மலிவு ஹூட்: ஆட்டத்தை நிறுத்திவிட்டால் நல்ல பொருள்

கேனன் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸ் வைத்திருப்பவர்களில் நிறையப் பேர், ஓரத்து வெளிச்சத்தை மறைக்க லென்ஸின் முன்னால் மாட்டும் வளையமான ஹூட் இல்லாமலேதான் காலத்தை ஓட்டுகிறார்கள். லென்ஸ் பெட்டிக்குள் ஹூட் வராது, கேனன் அதை ஈஎஸ்-68 என்ற பெயரில் தனியாக விற்கிறது, அதன் விலையைப் பார்த்ததும் ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்கு இவ்வளவா என்று மனசு வராமல், அதே எண்ணைப் போட்டு மிகக் குறைந்த விலைக்கு ஆன்லைனில் கிடைக்கும் வேறு கம்பெனி ஹூட்டை வாங்கிவிடுவோம். நான் வாங்கியதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். வந்தபடியே மாட்டினால் இது கழன்று விழும். அரை மணி நேரம் உட்கார்ந்து டேப் ஒட்டி அதன் ஆட்டத்தை நிறுத்தினால் வருஷக்கணக்கில் உழைக்கும். அதனால் இதை வாங்கலாம் என்றுதான் சொல்வேன், ஆனால் அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்கத் தயாராக இருப்பவர்கள் மட்டும்.

முதலில் எண் சரியா என்று பார்த்துவிடுங்கள். கேனனில் "50 எம்எம் எஃப் 1.8" என்ற பெயரில் பலரும் வைத்திருக்கும் லென்ஸ் மூன்று வகை. 1990இல் வந்த பழைய இரண்டாம் மாடலுக்கு ஃபில்டர் அளவு (முன்னால் திருகி மாட்டும் கண்ணாடியின் விட்டம்) 52 மி.மீ., ஹூட் ஈஎஸ்-62. 2015இல் வந்த எஸ்டிஎம்முக்கு 49 மி.மீ., ஈஎஸ்-68. மிரர்லெஸ் கேமராக்களுக்கு 2020இல் வந்த ஆர்எஃப் லென்ஸுக்கு 43 மி.மீ., ஈஎஸ்-65பி. விற்பவர்கள் பலர் தலைப்பில் "கேனன் 50 எம்எம் ஹூட்" என்று மொட்டையாகப் போட்டுவிடுகிறார்கள். ஹூட் பொருந்தவில்லை என்று வரும் புகார்களில் ஒரு பங்கு இந்தக் குழப்பத்தில் வருவதுதான், அதற்கு எந்த டேப்பும் உதவாது, திருப்பி அனுப்ப வேண்டியதுதான். லென்ஸின் முன்பக்கத்தில் விட்டத்தைக் குறிக்கும் வட்டக் குறிக்குப் பக்கத்தில் ஃபில்டர் அளவு அச்சடித்திருக்கும், அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எனக்கு வந்தது சரியான எண்தான். கையில் எடுத்தவுடன் எடை குறைவாகத் தெரிந்தது, அதில் தப்பில்லை. உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. லென்ஸில் போய் மாட்டிக்கொள்ளும் பற்களின் ஓரத்தில் அச்சிலிருந்து வெட்டி எடுத்தபோது நின்றுபோன பிசிறு மெல்லிய நாராகத் தொங்கிக்கொண்டிருந்தது, நகத்தால் நெருடினால் உதிர்ந்தது. ஒரு பல் மற்றதைவிடக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குச் சன்னம். மாட்டித் திருகினால் கடைசியில் "க்ளிக்" என்று உட்கார வேண்டும், இதில் அந்தச் சத்தமே இல்லை, போன வேகத்தில் திரும்பியும் வந்தது. கேமராவை லேசாகக் குலுக்கினால் டொக் டொக் என்று ஆடுகிறது. வெளியே எடுத்துக்கொண்டு போய்ப் பையில் உரசினால் போதும், தானாகவே திருகிக்கொண்டு கழன்றுவிடும்.

இந்த லென்ஸுக்கு ஹூட் வெயிலை மறைக்க மட்டும் இல்லை. ஃபோகஸ் ஆகும்போது இதன் உள்குழல் முன்னால் நீண்டு வரும், ஃபில்டர் மாட்டும் மரை அந்தக் குழலில்தான் இருக்கிறது. கேமராவை அணைத்தாலும் சில நேரம் அது நீண்டபடியே நிற்கும், ஃபோகஸ் வளையமும் மோட்டார் வழியாகத்தான் வேலை செய்வதால் கேமரா ஆனில் இல்லாமல் வளையத்தைத் திருப்பி உள்ளே இழுக்கவும் முடியாது. அந்த நிலையில் முன்னால் ஒரு இடி பட்டால் நேராக ஃபோகஸ் பல்சக்கரங்களுக்குத்தான் போகும். ஈஎஸ்-68 வகை ஹூட் வெளிக்குழலில் மாட்டுவதால் அந்த இடியைத் தான் வாங்கிக்கொள்ளும். தேர்த் திருவிழாக் கூட்டத்தில் நின்று படம் எடுப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். 49 மி.மீ. மரையில் திருகி மாட்டும் இரும்பு ஹூட் கெட்டியாக இருக்கிறதே, அதை வாங்கலாமே என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். அது உள்குழலிலேயே உட்கார்ந்து அடியை நேராக உள்ளே அனுப்பும். இந்த லென்ஸுக்கு மட்டும் அது வேண்டாம்.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். டேப்பை எடுத்துச் சுற்ற ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆட்டம் எந்தப் பக்கம் என்று பாருங்கள், பலரும் இதைச் செய்வதில்லை. ஹூட்டை மாட்டி அடிப்பகுதியில் இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். அதில் ஆடினால் பற்களின் தடிமன் பத்தவில்லை என்று அர்த்தம். பக்கவாட்டில், மேலும் கீழும் ஆடினால் ஹூட்டின் உள்விட்டம் பெரிது. எங்கும் நிற்காமல் சும்மா திருகிக்கொண்டு வந்தால், க்ளிக் ஆக வேண்டிய மேடு தேய்ந்திருக்கிறது, அல்லது சரியாக வார்க்கப்படவே இல்லை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. என்னுடையதில் முதலாவதும் மூன்றாவதும் இருந்தன.

தடிமனுக்கு நான் சிபாரிசு செய்வது செல்போன் சர்வீஸ் கடைகளில் போர்டில் ஒட்டுவார்களே, தங்க நிறத்தில் இருக்கும் ஹீட் டேப், அதைத்தான். சென்னையில் ரிச்சி தெருவில் சுலபமாகக் கிடைக்கும், மற்ற ஊர்களில் பழக்கமான செல்போன் கடைக்காரரிடம் கேட்டால் ஒரு முழம் வெட்டிக் கொடுத்துவிடுவார். கறுப்பு இன்சுலேஷன் டேப் வேண்டாம். நம் ஊர் வெயிலில் காருக்குள்ளோ வண்டிப் பெட்டியிலோ கேமரா கொஞ்ச நேரம் இருந்தாலே அதன் பசை இளகிப் பிதுங்கி வெளியே வரும், அப்புறம் அதில் மணலும் தூசியும் ஒட்டிக்கொண்டு லென்ஸ் விளிம்பை அறுக்கும். அது தடிமனும்கூட, ஒரு சுற்றிலேயே லூஸிலிருந்து நேராக டைட்டுக்குப் போய்விடும். ஹீட் டேப் மிக மெல்லிசு என்பதால் ஒவ்வொரு அடுக்காகக் கூட்டி, ஒவ்வொரு தடவையும் மாட்டிப் பார்த்து, சரியான இடத்தில் நிறுத்த முடிகிறது. பல்லின் அகலத்துக்கு வெட்டி, லென்ஸ் விளிம்பின் பின்னால் போய் உரசுகிற முகத்தில் மட்டும் ஒட்டுங்கள். ஒட்டும் முன் அந்த இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாலு தடவை திருகியதும் சுருண்டுவிடும். பக்கவாட்டு ஆட்டம் என்றால் இதே டேப்பைப் பற்களுக்கு இடையில் உள்சுவரில் சின்னத் துண்டுகளாக, சம இடைவெளியில் ஒட்டினால் போதும், முழுசாகச் சுற்ற வேண்டியதில்லை.

எதைச் செய்தாலும் ஹூட்டில் செய்யுங்கள், லென்ஸில் ஒரு துண்டு டேப்பும் ஒட்டாதீர்கள். ஹூட் பாழானால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம்.

க்ளிக் மேட்டுக்கு நெயில் பாலிஷ். நிறமில்லாதது, பழைய மேடு இருந்த இடத்தில் குண்டூசி முனையால் ஒரு பொட்டு, காய்ந்ததும் அதன் மேல் இன்னொரு பொட்டு. அதில் உள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைச் சற்று இளக்கும், அதனால்தான் நன்றாகப் பிடிக்கிறது, அதனாலேயே ஒரு இரவு முழுக்கக் காயவிட்டு, வாசனை போன பிறகுதான் லென்ஸில் மாட்ட வேண்டும். சூப்பர் க்ளூ பக்கம் போகவே வேண்டாம். அதன் ஆவி பக்கத்தில் இருக்கிற பிளாஸ்டிக்கிலும் கண்ணாடியிலும் வெள்ளையாகப் படியும், முன் கண்ணாடியில் படிந்தால் துடைத்துத் துடைத்தே கோட்டிங்கைக் கெடுத்துக்கொள்வோம்.

இதே வகை ஹூட் சிலருக்கு நேர்மாறாக, உள்ளே போகவே மாட்டேன் என்று முரண்டு பிடிக்கும். பலத்தைக் காட்டித் திருகாதீர்கள். முதலில் பிசிறைப் பிளேடால் சீவிவிட்டு, 800 அல்லது 1000 நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துப் பற்களின் முகத்தில் இலேசாகத் தேயுங்கள், கழுவி, துடைத்து, காய்ந்த பிறகு மாட்டிப் பாருங்கள். தேய்க்கும்போது லென்ஸ் அந்த அறையிலேயே இல்லாமல் இருப்பது உத்தமம். தேங்காய் எண்ணெய், வண்டிக்குப் போடும் ஸ்பிரே எதுவும் வேண்டாம், எல்லாம் ஊர்ந்து உள்ளே போகும். ஏற்கெனவே மாட்டிச் சிக்கிக்கொண்டதென்றால் முன் விளிம்பைப் பிடித்து நெரிக்காமல் அடிப்பகுதியைப் பிடித்துத் திருப்புங்கள். முன்னால் நெரித்தால் வட்டம் முட்டை வடிவமாகிப் பற்கள் இன்னும் இறுகும்.

ஆட்டம் நின்றதோடு வேலை முடியவில்லை. எனக்கு இந்த ஹூட்டில் பெரிய குறையாகப் பட்டது உள்சுவரின் பளபளப்பு. ஓரத்து வெளிச்சத்தைத் தடுக்க மாட்டுகிற பொருளே அந்த வெளிச்சத்தை வாங்கிக் கண்ணாடி மேல் திருப்பி அடித்தால் எதற்கு மாட்டுவது? செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளையாக ஒரு பட்டை மின்னும். கைவினைப் பொருள் கடையில் கிடைக்கும் கறுப்பு வெல்வெட் ஸ்டிக்கரைப் பட்டையாக வெட்டி, பற்களைத் தொடாமல், உள்ளே ஒட்டிவிட்டேன், அந்தப் பளபளப்பு போயே போய்விட்டது. ஒட்டுவதற்கு முன்னும் பின்னும் செலோ டேப்பால் ஒற்றி எடுங்கள், உதிர்கிற பஞ்செல்லாம் அதோடு வந்துவிடும்.

இப்போது இது எப்படி வேலை செய்கிறது என்றால், கல்யாண மேடையில் வீடியோகிராஃபர் பக்கத்திலிருந்து லைட் அடிக்கும்போது முன்பெல்லாம் பட்டுப்புடவையின் அடர்ந்த நிறம் வெளுத்து, படம் முழுக்கப் பால் கலந்த மாதிரி ஒரு மங்கல் வரும். அது நன்றாகவே குறைந்திருக்கிறது. ஃப்ரேமுக்குள்ளேயே விளக்கு வந்துவிட்டால் எந்த ஹூட்டும் ஒன்றும் செய்யாது, அது இதன் குற்றமில்லை. இன்னொன்று, இந்த வடிவம் பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவுக்குக் கணக்குப் போட்டது, அதனால் ஆழம் குறைவு. என்னைப் போல சென்சார் சின்னதான 1.6 மடங்கு க்ராப் கேமராவில் போட்டால் பார்வை 80 எம்எம் அளவுக்குக் குறுகிவிடும், இன்னும் ஆழமான ஹூட்டே தாங்கும், ஆகவே படத்தின் மூலை கறுக்குமோ என்ற பயம் கொஞ்சமும் வேண்டாம்.

அந்தப் பயம் இருக்க வேண்டியது பூவிதழ் மாதிரி வெட்டிய ஹூட்களில். இது வட்டமானது, கொஞ்சம் திருகிக்கொண்டாலும் படத்தில் தெரியாது. கேனனின் 18-55 எஸ்டிஎம் ஜூம் லென்ஸுக்கான ஈடபிள்யூ-63சி போன்றவற்றில் அதே அளவு ஆட்டம் இருந்தால் நீளமான இதழ் மூலைக்கு வந்து நின்று 18 எம்எம்மில் கறுப்பு விழும், வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் பார்த்த பிறகுதான் தெரியவும் வரும். அந்த வகையில் மலிவானதை வாங்குவதாக இருந்தால் க்ளிக் இருக்கிறதா என்று வந்த அன்றே பாருங்கள், இல்லையென்றால் டேப் ஒட்டாமல் அப்படியே திருப்பி அனுப்பிவிடுங்கள், ஒட்டிய பிறகு யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.