63 மில்லிமீட்டர் மூடியில் 17,400 ரூபாய் போச்சு: ஊறுகாய், தொக்கு விற்கிறவர்கள் படியுங்கள்

17,400 ரூபாய். கண்ணாடி ஜாடிக்கான 3,000 தகர மூடிகளுக்கு நான் கொடுத்த பணம். மேலாக இருந்த கொஞ்சத்தைத் தவிர மற்றதெல்லாம் குப்பை. ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், வீட்டிலிருந்து ஜாடியில் அடைத்து விற்கிற யாருடைய பணமாவது மிஞ்சட்டும்.

விற்றவன் பெயரையும் அந்த ஆன்லைன் சந்தையின் பெயரையும் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. மொத்த வியாபாரிகளை நம்மோடு கோத்துவிடுகிற தளம். என்ன சாமான் வேண்டும் என்று ஒரு தடவை தட்டிவிட்டால் நாள் முழுக்க யாராவது போனில் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்களே, அந்த வகை.

நான் தென்காசிப் பக்கம். பாவூர்சத்திரம் சந்தையில் தக்காளி, புளியங்குடியில் எலுமிச்சை. முதலில் பிளாஸ்டிக் திருகு மூடிதான் போட்டேன். உள்ளே வெள்ளை ஃபோமில் ஒரு வட்டம் இருக்கும், வாட் என்பார்கள். இட்லிப்பொடிக்கு அது போதும். எண்ணெய் மிதக்கிற தொக்குக்கு ஆகாது, வாட்டுக்கு அடியில் எண்ணெய் ஏறி மரையில் இறங்கிவிடும். அதனால்தான் லக் மூடிக்கு மாறினேன். ஜாம் பாட்டிலில் பார்த்திருப்பீர்கள். தகரம், உள்விளிம்பில் சின்னச் சின்ன மடிப்பு, லேசாகத் திருப்பினாலே இறுகிவிடும். உள்ளே ஓரத்தைச் சுற்றி ரப்பர் போல ஒரு வளையம் ஓடும், அதற்குப் பிளாஸ்டிசால் என்று பெயர். மூடியின் உயிரே அதில்தான் இருக்கிறது. தொக்கைச் சூடாக ஊற்றி மூடினால் வளையம் இளகி ஜாடி வாயைக் கவ்விக்கொள்ளும். ஆறும்போது உள்ளிருக்கும் ஆவி தண்ணீராகி, காற்றழுத்தம் குறைந்து, மூடி நடுவில் இருக்கும் பொத்தான் 'டக்'கென்று உள்ளே போகும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு அன்றைக்குத் தூக்கம்.

வழக்கமாக வாங்குகிற கடையில் சரக்கு இல்லை, அதனால் இந்தத் தளத்துக்குப் போனேன். அவன் பேரில் 'சரிபார்க்கப்பட்ட விற்பனையாளர்' என்று பச்சை முத்திரை. எடுத்த எடுப்பிலேயே "சொல்லுங்கக்கா". எண்ணெய் பாட்டிலுக்கும் அலுமினிய மூடி கிடைக்குமா என்று கேட்டேன். "அது உங்களுக்கு வேண்டாங்க்கா. அந்த மூடி மரையே இல்லாம வெறும் குப்பி மாதிரி வரும். பாட்டில் கழுத்துல வெச்சு மெஷின் உருளை அழுத்தினாத்தான் மரை விழும். கையில திருக முடியாது. மெஷின் இல்லாம வாங்கிட்டு என்னைத் திட்டுவீங்க" என்றான். விசாரித்தேன், அவன் சொன்னது அத்தனையும் உண்மை. வருகிற வியாபாரத்தையே வேண்டாம் என்கிற ஆள் ஏமாற்றுவானா? அந்த இடத்தில்தான் நம்பினேன். இப்போது யோசித்தால் பற்றிக்கொண்டு வருகிறது. தொழில் தெரியாமல் செய்த தப்பு இல்லை இது. மூடியைப் பற்றி எல்லாம் தெரிந்த ஒருவன் தெரிந்தே செய்தது.

மாதிரி மூடிகள் கூரியரில் வந்தன, காசு வாங்கவில்லை. தடித்த வளையம், நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெல்ல எழும்பியது. சூடான தொக்கை ஊற்றி மூடி, ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்தேன், ஒரு சொட்டு இல்லை. ஃபுட் கிரேடு சான்றிதழ் கேட்டதும் உடனே வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வீடியோ காலில் குடோனைக் காட்டினான். தளம் வழியாகக் கட்டினால் மூடி 6.20, நேராக யூபிஐயில் போட்டால் 5.80 என்றான். 3,000 மூடிக்கு 17,400 ரூபாய். போட்டேன்.

லாரி பார்சலில் மூன்று பெட்டி வந்தது. மேல் அடுக்கு அப்படியே மாதிரி போலவே இருந்தது. அதை வைத்துத்தான் முதல் சுற்று அடைத்தேன், ஒரு குறையும் இல்லை. அடுக்கு இறங்க இறங்கத்தான் வேலை தெரிந்தது. அடியில் கிடந்த மூடிகளில் வளையம் ஓரிடத்தில் திட்டாகவும் ஓரிடத்தில் காகிதம் போலவும் ஓடுகிறது, சிலவற்றில் ஒரு விரல் அகலத்துக்கு வளையமே இல்லை. நகம் வைத்தால் பள்ளம் விழாமல் பிசிறாக உதிர்கிறது. மூடித் திறந்து பார்த்தால் ஜாடி வாயின் தடம் அந்த வளையத்தில் பதிந்திருக்க வேண்டும், இதில் தடமே இல்லை. பதியவில்லை என்றால் கவ்வவில்லை என்று அர்த்தம்.

சென்னைக்குப் போன தக்காளித் தொக்கு பார்சல் இன்று திரும்பி வந்தது. ஜாடி ஒன்றும் உடையவில்லை, அட்டைப்பெட்டியின் அடி மட்டும் சிவந்து ஊறிப்போயிருக்கிறது. எலுமிச்சை ஊறுகாய் அதைவிட மோசம். தகரத்துக்கு உள்பக்கம் லேக்கர் பூச்சு சரியாக இருந்தால்தான் உப்பும் புளிப்பும் இரும்பைத் தொடாது. இதில் பூச்சு என்று ஒன்று இருந்ததா என்றே சந்தேகம். மடிப்பு ஓரமெல்லாம் துரு. ஒரு வாடிக்கையாளர் மூடியைப் படம் எடுத்து அனுப்பி, "இதைத்தான் என் பிள்ளைக்குக் கொடுத்தேனா?" என்று கேட்டிருக்கிறார். என்ன பதில் சொல்ல?

அந்தச் சான்றிதழை இன்றைக்கு எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். அதில் இருக்கும் எண் ஐ.எஸ். 10910. அது உணவில் படும் பாலிப்ரொப்பிலீனுக்கான தரம், அதாவது பிளாஸ்டிக்குக்கு. தகர மூடிக்குப் பிளாஸ்டிக் சான்றிதழ்!

அவனைக் கூப்பிட்டால் முதலில் "டைட்டா மூடுங்கக்கா". அப்புறம் "மூடியைச் சுடுதண்ணியில போட்டு எடுத்து மூடுங்க". அப்புறம் "உங்க ஜாடி வாய் சரியில்ல". மாதிரி மூடி இதே ஜாடியில்தானே ஒட்டியது என்றேன். "அந்த லாட் வேற, இந்த லாட் வேற, கம்பெனியில மாத்தித் தருவாங்க". கம்பெனி நீதானே என்றால், "நான் மார்க்கெட்டிங்க்கா, ஓனர் ஊர்ல இல்ல". குடோனைக் காட்டும்போது "நம்ம குடோன்" என்று சொன்ன அதே வாய். இப்போது ரிங் போகிறது, எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் முகப்புப் படமும் காணோம்.

தளத்தில் புகார் போட்டேன். தாங்கள் அறிமுகம் செய்துவைப்பவர்கள் மட்டும்தானாம், வெளியே கட்டிய பணத்துக்குப் பொறுப்பு இல்லையாம். சரி, பச்சை முத்திரைக்காவது பொறுப்பு உண்டா என்று கேட்டேன். பதில் இல்லை, புகாரை மட்டும் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிட்டார்கள். அவர்கள் போடும் மூடி மட்டும் நன்றாக இறுகுகிறது.

வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் சட்டத்தில் வராது என்றும் அங்கே ஒருவர் சொன்னார். அப்படியே நம்பிவிடாதீர்கள். 2019 சட்டத்திலேயே, பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் அதற்கென்று மட்டும் வாங்கிய பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று விளக்கம் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசியிருக்கிறேன். பணமோசடி என்று சைபர் குற்ற உதவி எண் 1930-லும் சொல்லியாயிற்று. 17,400 திரும்பி வருமா தெரியாது.

எப்படி வாங்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. இவ்வளவுதான்: சரக்கு வந்த அன்றே பெட்டியைத் தலைகீழாகக் கொட்டி, அடியிலிருந்து எடுத்துச் சோதியுங்கள், கொட்டுவதை வீடியோ எடுங்கள். 40 பைசாவுக்காகத் தளத்துக்கு வெளியே பணம் போடாதீர்கள். சான்றிதழில் என்ன பொருள் என்று எழுதியிருக்கிறது பாருங்கள். பில் இல்லாமல் வேண்டாம், எனக்கு வந்தது வெறும் எஸ்டிமேட் சீட்டு.

63 மில்லிமீட்டர் லக் மூடி நேரில் போய்ப் பார்த்து வாங்குகிற கடை மதுரையிலோ திருநெல்வேலியிலோ யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். சென்னைக்காரருக்குத் தொக்கைத் திரும்ப அனுப்பியாக வேண்டும், ஜாடியெல்லாம் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.