கோவா: பச்சைச் சலாதா, பிசைந்த சம்பலா, சுண்டலா?

சீனி வருத்தத்துக்குக் கிளினிக் போய்வரும் எங்கள் ஆட்களிடம் "சோற்றைக் குறையுங்கள், மரக்கறியைக் கூட்டுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நல்ல பேச்சுதான். ஆனால் அன்றைக்கே ஒரு தட்டு நிறையக் கோவாவை (முட்டைக்கோஸை) பச்சையாய்ச் சாப்பிட்டு, இரவு முழுக்க வயிறு ஊதிப் புரண்டுவிட்டு, "எனக்கு மரக்கறி ஒத்துவராது" என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். நுவரெலியா, கந்தப்பளை, வெலிமடை என்று நாட்டுக்கே மரக்கறி அனுப்பும் மண்ணில் இருந்துகொண்டு இப்படி விடுவது எனக்கு மனவருத்தம்.

கோவாவில் ரஃபினோஸ் என்றொரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் சுரப்பதில்லை. அது அப்படியே பெருங்குடலுக்குப் போய்ச் சேர, அங்குள்ள பக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயு உண்டாக்குகின்றன. இது எல்லார் வயிற்றிலும் நடப்பது. அளவும் பழக்கமும்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும்.

பச்சைச் சலாதில் விற்றமின் சி முழுதாய்க் கிடைக்கும், வேலையும் இல்லை. கெரட், வெள்ளரிக்காய், தக்காளிக்கு இதுவே போதும். பெரும்பாலான வயிறுகளுக்கு அவை தொந்தரவு தருவதில்லை. கோவாவுக்கு மட்டும் மூன்றிலும் கடைசி இடம் இதற்குத்தான். தடிப்பாய் வெட்டி, அரைகுறையாய் மென்று விழுங்கி, மேலே பம்பாய் வெங்காயத்தையும் அள்ளிப் போட்டால் வாயுவுக்குக் கேட்கவே வேண்டாம். வெங்காயத்தில் ஃபிரக்டான் இருக்கிறது, அதுவும் குடலில் புளிப்பதே.

பிசைந்த சம்பல்தான் என் தேர்வு. கோவாவை நூல் நூலாய் அரிந்து, உப்புத் தூவிக் கையால் நன்றாகப் பிசைந்து, ஒரு கால் மணித்தியாலம் வையுங்கள். விறைப்பாய் நின்ற கோவா துவண்டு, சட்டியின் அடியில் தண்ணீர் விட்டிருக்கும். அதை இறுகப் பிழிந்து கொட்டிவிட வேண்டும். ரஃபினோஸ் தண்ணீரில் கரைவது என்பதால் கொஞ்சம் அதோடு போய்விடும். விற்றமினும் கொஞ்சம் போகும்தான், பரவாயில்லை. அப்புறம் தேங்காய்ப்பூ, பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி. பிரஷர் உள்ளவர்கள் உப்பைக் குறைத்து, பிழிந்த பின் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசிக்கொள்ளலாம்.

சுண்டலில் சூடு பட்டு நார் இளகுவதால் மெல்லுவது சுலபம், வயிற்றில் பாரமும் குறைவு. பல் இல்லாத பெரியவர்களுக்கும் இராச் சாப்பாட்டுக்கும் இதுதான் சரி. கெரட்டையும் சேர்த்துச் சுண்டினால் அதிலுள்ள பீட்டா கரோட்டின், தேங்காயின் கொழுப்போடு சேர்ந்து, பச்சையாய்ச் சாப்பிடுவதை விட நன்றாக உடம்பில் சேரும். ஆனால் ரஃபினோஸ் சூட்டில் அழிவதில்லை. சுண்டினால் ஒரு முழுக் கோவாவும் ஒரு கோப்பைக்குள் அடங்கிவிடும், ருசிக்கு இன்னும் கொஞ்சம் என்று போட்டுக்கொண்டே இருப்போம். வாயு தொல்லை அதிகமென்றால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சுண்டுங்கள்.

லீக்ஸின் வெள்ளைத் தண்டில் ஃபிரக்டான் அதிகம், பச்சை இலையில் மிகக் குறைவு. சில வீடுகளில் இலையை வீசிவிட்டுத் தண்டை மட்டும் சமைக்கிறார்கள். வயிறு ஊதுகிறவர்கள் அதை மாற்றிச் செய்யலாம். போஞ்சியைப் பச்சையாய்ச் சாப்பிடவே கூடாது, நன்றாக வேகவேண்டும். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும், அதனால் அடுப்பில் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள். வல்லாரை சம்பலுக்கு உகந்ததுதான், ஆனால் அது ஈர நிலத்தில் படர்வது. ஒவ்வொரு இலையாய் ஓடும் தண்ணீரில் கழுவாவிட்டால் பூச்சி முட்டைகளும் கிருமிகளும் உள்ளே போகும்.

எதைத் தேர்ந்தாலும் முதல் வாரம் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் வேண்டாம். வயிறு பழகப் பழகக் கூட்டுங்கள். இப்படிச் செய்தும் ஊதல் வாரக்கணக்கில் நீடித்தால், அல்லது எடை குறைந்தாலோ மலத்தில் இரத்தம் தெரிந்தாலோ, சாப்பாட்டை மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்காமல் டொக்டரிடம் போய்விடுங்கள்.