வேகமாகப் படிக்க எந்தப் பழக்கத்தை விடலாம், எதை விடக் கூடாது?

வேக வாசிப்பு சொல்லித்தருகிறவர்கள் வழக்கமாகக் குறைசொல்லும் பழைய பழக்கங்கள் மூன்று: மனசுக்குள் உச்சரித்துப் படிப்பது, படித்த இடத்துக்கே திரும்பிப் போவது, சொல் சொல்லாக நின்று போவது. எவலின் வுட் 1959-இல் அமெரிக்காவில் வேக வாசிப்பு வகுப்புகளைத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தப் பேச்சு உண்டு. மூன்றையும் ஒன்றாகக் கட்டித் தூக்கிப்போடச் சொல்வதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம். படிக்கும்போது கண் வரியின் மேல் சீராக ஓடுவதில்லை. தாவி நிற்கிறது, மறுபடி தாவுகிறது. ஒவ்வொரு நிறுத்தமும் ஏறக்குறைய கால் நொடி. நிற்கும்போதுதான் எழுத்து தெரியும், அதுவும் பார்வையின் நடுவில் ஒரு சின்ன வட்டத்துக்குள்தான் கூர்மையாகத் தெரியும். ஒரு பத்தியை ஒரே பார்வையில் அள்ளிவிடலாம் என்பது கண்ணின் அமைப்புக்கே ஒத்துவராது.

அடுத்தது மனக்குரல். அதை அடக்க, படித்துக்கொண்டே ஒன்று, இரண்டு என்று முணுமுணுக்கச் சொல்வார்கள். எளிய வாக்கியங்களில் இதனால் பெரிய பாதிப்பு வராது. ஆனால் ஒரு கருத்தை இன்னொன்றோடு இணைத்துப் புரிந்துகொள்ள வேண்டிய இடத்தில் புரிதல் குறைகிறது என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. உதடு அசைத்துப் படிப்பவர் அதை விட்டால் நல்லதுதான், வாயின் வேகத்துக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. உள்ளே ஒலிக்கும் குரலை மட்டும் அடக்க வேண்டாம், அது தன் வேலையைச் செய்யட்டும்.

திரும்பிப் போவதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நன்றாகப் படிக்கிறவர்களின் கண் அசைவுகளிலேயே 10 முதல் 15 சதவீதம் பின்னோக்கித்தான் போகின்றன. இதில் இரண்டு வகை உண்டு. கவனம் எங்கோ போய்விட்டு, அதே வரியை நான்கு தடவை படிப்பது ஒரு வகை. இன்னொரு வகைக்கு இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: 'இந்த மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொள்வதில் தவறில்லை என்று சொல்ல முடியாது.' 'தவறில்லை' வரை வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று மனசு முடிவுகட்டிவிடும். 'முடியாது' என்ற கடைசிச் சொல் அதைக் கவிழ்த்துவிடும். கண் பின்னால் போய்த்தான் ஆக வேண்டும். வினை கடைசியில் வரும் நம் மொழியில் இப்படி அடிக்கடி நேரும். 2014-இல் வெளியான ஒரு சோதனையில், படித்து முடித்த சொற்களை உடனுக்குடன் மறைத்துப் பார்த்தார்கள். திரும்பிப் பார்க்க வழியில்லாதபோது புரிதல் குறைந்தது.

அதனால் படித்த வரிகளை அட்டையால் மூடிக்கொண்டே போகும் முறையைவிட, வரிக்குக் கீழே விரலோ பென்சிலோ ஓட்டிப் படிப்பது மேல். அலைகிற கவனத்தை விரல் இழுத்துப் பிடிக்கும். தேவைப்பட்டால் திரும்பிப் போகவும் விடும்.

செயலிகள் சில, ஒரே இடத்தில் ஒவ்வொரு சொல்லாகக் காட்டி ஓடவிடுகின்றன. கண் தாவும் நேரம் மிச்சம் என்பது அவற்றின் வாதம். தாவலுக்கு ஆகும் நேரமே கொஞ்சம்தான், தாமதம் புரிந்துகொள்வதில் இருக்கிறது. அடுத்த சொல் ஓரக்கண்ணில் படுவதும் இதில் போய்விடுகிறது. சின்னத் திரையில் சின்னச் செய்தி என்றால் சரி, புத்தகத்துக்கு வேண்டாம்.

மேலோட்டமாகப் பார்ப்பது வேறு விஷயம். தலைப்புகள், ஒவ்வொரு பத்தியின் முதல் வரி, கடைசிப் பகுதி என்று பார்த்துவிட்டு, எந்தப் பக்கத்தில் உட்காருவது என்று முடிவுசெய்யலாம். வேக வாசிப்புப் பயிற்சி பெற்றவர்களையும் சும்மா மேய்ந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில் இரு தரப்புக்கும் சாராம்சம் கிடைத்தது, நுணுக்கங்கள் விட்டுப்போயின. அப்புறம் பயிற்சிக்கு எதற்குக் காசு?

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது, ஒரே துறையில் நிறையப் படிப்பதை. பழகிய சொல்லில் கண் குறைந்த நேரமே நிற்கும், அறிமுகமில்லாத சொல்லில் தங்கிவிடும். ஒரு துறையில் முதல் புத்தகம் இழுக்கும், நான்காவது புத்தகம் ஓடும். கண்ணுக்கு எந்தப் பயிற்சியும் கொடுக்காமலேயே இது நடக்கிறது. பலன் தெரிய மாதக்கணக்காகும் என்பதுதான் ஒரே குறை.

வேகத்தை அளந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் கதையல்லாத எழுத்தை மௌனமாகப் படிக்கும் பெரியவர்களின் சராசரி நிமிடத்துக்கு 238 சொற்கள் என்று 2019-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது. விகுதியும் உருபும் ஒட்டி நீளும் தமிழ்ச் சொற்களை எண்ணி அதோடு ஒப்பிட வேண்டாம். ஒரே தரத்திலுள்ள இரண்டு தமிழ்க் கட்டுரைகளை எடுத்து, ஒன்றை வழக்கம்போலவும் மற்றதைப் புது முறையிலும் படியுங்கள். ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும் மூடிவைத்துவிட்டு, நினைவில் நின்றதை எழுதுங்கள். நிமிடக் கணக்கையும் எழுதிய தாளையும் சேர்த்துப் பார்த்த பிறகு, எந்த முறை உங்களுக்கு என்று முடிவுசெய்யுங்கள்.