ஆஷாக்களுக்கு எது தேவை: வேலைக்கு ஏற்ற காசா, மாதச் சம்பளமா, ஜாம்கேட் வழியா?

2024 பிப்ரவரியில் மும்பை ஆசாத் மைதானத்தில் வீடு வீடாகப் போய்த் தாய் சேய் நலம் பார்க்கும் அரசுத் திட்டத்தின் ஆஷா பணியாளர்கள் திரண்டபோது, தாராவித் தமிழர்களில் சிலரே என்னிடம் கேட்டார்கள்: "செய்கிற வேலைக்குத்தான் காசு கொடுக்கிறார்களே, இன்னும் என்ன வேண்டும்?"

அந்தக் காசைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 2005-இல் தொடங்கிய இத்திட்டத்தில் கிராமங்களில் ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 42 நாட்களுக்குள் ஆறு முறை வீடு தேடிப் போய்ப் பார்த்தால் 250 ரூபாய் ஊக்கத்தொகை. ஒரு நடைக்கு 42 ரூபாய்கூடத் தேறாது. எங்கள் தாராவியில் அடுத்த வீடு பத்தடி தூரம். பால்கர் மாவட்டம் மொகாடாவிலோ மழைக்காலத்தில் ஓடை தாண்டி, மேடேறி அடுத்த பாடாவுக்கு (குக்கிராமத்துக்கு) போக வேண்டும். தொகை என்னவோ அதேதான். தூரம் கூடக்கூட உழைப்பின் விலை குறைகிறது. பிரசவத்துக்கு மருத்துவமனை வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்கும் மாமியாரிடம் அரை நாள் உட்கார்ந்து பேசுவதற்கோ எந்தப் பட்டியலிலும் தனித் தொகை இல்லை.

மகாராஷ்டிரத்து ஊரான ஜாம்கேட்டின் வழி வேறு. வேலூர் சி.எம்.சி.யில் படித்த டாக்டர் தம்பதி ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே 1970-இல் அங்கே பணியைத் தொடங்கினார்கள். எழுத்தறியாத, பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பெண்கள் தங்கள் ஊர்களின் சுகாதாரப் பணியாளர்களாகி, வாராவாரம் கூடிப் படித்தார்கள். தங்கள் ஊரில் கண்டதைச் சொல்லி, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றார்கள். சம்பளம் கிடையாது. ஆனாலும் பலர் பல்லாண்டுகள் நிலைத்தார்கள். ஊரார் மதிக்கும் அளவுக்கு அவர்களுக்குக் கை தேர்ந்திருந்தது.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மருத்துவர்களான அபய் பாங், ராணி பாங் தம்பதியர் செய்ததும் இந்த வகைதான்: ஒரு நிமிட மணல் கடிகாரம் ஓட, குழந்தையின் பத்து மூச்சுக்குக் கோத்த மணிகளில் ஒன்றை நகர்த்தி நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் எளிய கருவி. எண்ணத் தெரியாதவரும் பயன்படுத்தலாம்.

ஆனால் சம்பளமில்லாச் சேவையை அரசே மாநிலம் முழுக்க எதிர்பார்ப்பது சுரண்டல். 2019-இல் ஆந்திர அரசு மாதம் 10,000 ரூபாய் என்று உயர்த்தியது. என் ஓட்டு அந்தப் பக்கமே. நிலையான பணம் வந்தால் வேலையில் சுணக்கம் வரும் என்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் மாதச் சம்பளத்தைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை.

முதலில் சம்பளம், அதன்மேல் மலைப்பகுதிக்குத் தனிப் பயணப்படி, பிறகு ஜாம்கேட் போல வாரக் கூட்டம். அந்த நாள் பதிவேடு நிரப்புவதில் கழியாமல், ஊரில் பார்த்த நோயைப் பற்றிப் பேசுவதற்கே இருக்க வேண்டும்.