கனமான புத்தகம், லேசான புத்தகம்: எதை எப்போது?

நீலகிரி மலையில், கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் வெளியே தலைகாட்ட முடியாது. கரண்ட் போய்ப் போய் வரும். மேசையில் வைத்த புத்தகத்தின் அட்டை ஈரத்தில் அப்பளம் மாதிரி வளைந்துகொள்ளும். கடினமான நாவல்களை இந்த மாதத்துக்கென்றே எடுத்து வைப்பேன். கூடவே லேசான ஒன்றை எப்படிச் சேர்ப்பது என்பதில் மூன்று வழிகளைப் பார்த்தாயிற்று.

கனமானதை முடித்த பிறகுதான் அடுத்தது என்பது முதல் வழி. 1972-இல் வந்த ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யை அப்படித்தான் பிடித்தேன். மெடான், பினாங்கு என்று போகும் கதைக்குக் குறுக்கே மதுரைத் தெருக்களின் ஞாபகம் பாயும். பத்து நாளில் அறுபது பக்கம். “என்னங்க, இன்னும் அதே பக்கமா?” என்றாள் மனைவி. நாவல்மேல் குற்றமில்லை. லேசான புத்தகத்தைத் தள்ளி வைத்தேனே தவிர, அந்த நேரத்தை ஃபோன் எடுத்துக்கொண்டது.

இரண்டாவது, கஷாயத்துக்குப் பின் வெல்லம்: இருபது பக்கம் கனமானது, உடனே சுஜாதாவின் துப்பறியும் கதையில் ஒரு அத்தியாயம். இது இன்னும் மோசம். கண் வரியில் இருக்கும், மனசு வெல்லத்தில். கனமானதாக எடுத்தது மௌனியின் சிறுகதைகளை. அவர் எழுதியதே 24 கதைகள்தான். அவற்றைப் பக்கம் எண்ணிக்கொண்டு படிப்பது வீண். சுஜாதாவின் வேகம் வேறு காதிலேயே தங்கிவிடுகிறது. அதோடு மௌனிக்குத் திரும்பினால் அவர் வேண்டுமென்றே இழுக்கிறார் என்று தோன்றும்.

இப்போது மூன்றாவது வழியில் இருக்கிறேன். விடிகாலை, டீ ஆறுவதற்குள் கனமானதில் நான்கு பக்கம், அவ்வளவுதான். எழுத்தாளர் லா.ச. ராமாமிர்தம் என்றால் வாய்விட்டே படிப்பேன். கண்ணுக்குப் பிடிபடாத வாக்கியம் நாக்கில் ஏறியதும் எங்கே நிற்கிறது, எங்கே திரும்புகிறது என்று தெரிந்துவிடும். ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் லேசானது. அதிலும் ஒரு கட்டுப்பாடு: விறுவிறு தொடர்கதை கூடாது, அது மறுநாள் காலையையும் தின்றுவிடும். தேவனின் நகைச்சுவை, பயணக் கட்டுரை மாதிரி எந்தப் பக்கத்திலும் மூடி வைக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

எது லேசானது என்பதிலும் ஏமாந்திருக்கிறேன். இந்த மலையின் படகர் சமூகத்தின் வாழ்வைச் சொல்லும் ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித்தேன்’ நடையில் சிக்கலே இல்லாதது, ராத்திரிக்கென்று எடுத்தேன். பழைய விவசாயம் போய்த் தேயிலை வருகிற இடத்தில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி உட்கார்ந்துவிட்டேன். வெளியே இருப்பதும் தேயிலைதானே. மறுநாளே அது காலைக்கு மாறிவிட்டது.

மேட்டுப்பாளையம் இறங்கும் பஸ்ஸில் மட்டும் இரண்டும் கிடையாது. அந்த வளைவுகளில் வாரப் பத்திரிகை துணுக்கைப் படித்தாலே குமட்டும்.